பெயர் எழுதப்பட்ட ஊர்

விடைபெறும்போது 'போகிறேன்' என்று சொல்வது நம் வழக்கமன்று. 'போய் வருகிறேன்' என்றே சொல்வோம். வாய் தவறி யாராவது 'போகிறேன்' என்று சொல்லிவிட்டால், வீட்டிலுள்ள பெரியவர்கள் அந்த இடத்திலேயே திருத்துவார்கள். புறப்படும் சொல்லுக்குள்ளேயே திரும்பி வருதலையும் பொதிந்து வைத்த மொழி நம்முடையது. ஆனால், திரும்பி வர வழியில்லாத ஓர் ஊரை விட்டுப் புறப்படுகிறவர் எவ்வாறு விடைபெறுவார்? அதிலும், அந்த ஊரிலேயே பிறந்து, வேறு ஊரையே அறியாத ஒரு சிறு குழந்தை எவ்வாறு விடைபெறும்?

இந்தக் கேள்வி என் உள்ளத்தில் எழுந்தது துபாய் நகரில். அங்குள்ள புனித மரியன்னை ஆலயத்தில் தமிழ் மக்களிடையே சில ஆண்டுகள் பணியாற்றும் வாய்ப்பை இறைவன் எனக்கு அளித்தார். 1967ஆம் ஆண்டில் தொடங்கிய ஆலயம் அது. நான் இருந்த நாள்களில் அங்கே வார விடுமுறை வெள்ளிக்கிழமை. எனவே, வெள்ளியன்றுதான் மக்கள் திரள் திரளாகத் திருப்பலிக்கு வருவார்கள். (2022 சனவரி முதல் சனியும் ஞாயிறும் அங்கே விடுமுறையாகிவிட்டன.) ஒரே வளாகத்தில் தமிழும் மலையாளமும் கொங்கணியும் அரபியும் பிலிப்பைன்ஸ் மக்களின் தகலோக் மொழியும் ஒலிக்கும். அந்தக் கூட்டத்தில் ஏறத்தாழ எல்லாரும் வேறொரு நாட்டுக்கு உரியவர்கள். என்றேனும் ஒருநாள் புறப்பட வேண்டியவர்கள் என்பதை அறிந்தே அங்கு வாழ்பவர்கள்.

அவர்களுள் ஓர் இளம் குடும்பத்தை நான் நெருங்கி அறிவேன். கணவர் நம் தென்கடற்கரை ஊர் ஒன்றைச் சேர்ந்தவர், கணக்கர். மனைவி மருத்துவமனைச் செவிலியர். கராமா பகுதியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில், படுக்கையறை ஒன்று இவர்களுக்கு. கூடத்தில் ஒரு மலையாளக் குடும்பம். சமையலறை இருவருக்கும் பொது. 2015 டிசம்பரில் அங்கேதான் இவர்களுக்கு ஒரு பெண்குழந்தை பிறந்தது. அடுத்த சில வாரங்களில் அக்குழந்தைக்குத் திருமுழுக்கு அளிக்கும் பேறு எனக்குக் கிட்டியது.

அயல்நாட்டுத் தொழிலாளரின் குழந்தை அங்கே பிறந்ததனால் மட்டும் அந்நாட்டுக் குடிமகள் ஆகிவிடாது. அதன் விசா பெற்றோரின் விசாவைச் சார்ந்தது. பெற்றோரின் விசாவோ அவர்களுடைய வேலையைச் சார்ந்தது. நம் நாட்டுச் சட்டப்படியும், பிறந்த ஓராண்டுக்குள் இந்தியத் துணைத் தூதரகத்தில் பதிவு செய்த பிறகே அக்குழந்தை இந்தியக் குடிமகள் ஆகும். பால் மணம் மாறாத அந்தக் குழந்தையின் பெயரில் கடவுச்சீட்டும் விசாவும் தடுப்பூசிப் புத்தகமும் ஓர் உறைக்குள் அடுக்கி வைக்கப்பட்டிருந்ததை நான் கண்டிருக்கிறேன்.

பெற்றோருக்கு அந்த அறை ஒரு தங்குமிடம் மட்டுமே. சுவரில் ஒரு படம்கூட மாட்டவில்லை. ஆணி அடித்தால் வீட்டுக்காரர் வைப்புத் தொகையில் பிடித்துக்கொள்வார். குழந்தைக்கு ஒரு மூன்று சக்கர வண்டி வாங்கக்கூடத் தயங்கினார்கள். "எல்லாம் கனடா போய் வாங்கிக்கிடலாம் ஃபாதர். இங்க வாங்கி யாருக்கு வித்துட்டுப் போக?" என்பார் தந்தை. கனடா நாடு 1967ஆம் ஆண்டு முதல் புள்ளிக் கணக்கின் அடிப்படையில் குடியேறுவோரைத் தேர்ந்துகொள்கிறது. கல்வி, மொழித்திறன், பணி அனுபவம், வயது என ஒவ்வொன்றுக்கும் புள்ளி உண்டு. முப்பதை எட்டியபின் ஆண்டுக்கு ஆண்டு வயதுக்குரிய புள்ளி குறைந்துகொண்டே வரும். ஆகவே, அவருக்கு ஒவ்வொரு பிறந்த நாளும் ஒரு கவலை நாள். ஆங்கிலத் தேர்வு, சான்றிதழ்கள், மருத்துவச் சோதனை, காவல்துறைச் சான்று என்று இரண்டு ஆண்டுகள் ஓடின. அந்த இரண்டு ஆண்டுகளும் அவர்களுக்கு வாழ்க்கையாகத் தோன்றவில்லை. வாழ்க்கை தொடங்குவதற்கு முன் உள்ள காத்திருப்பாகவே தோன்றின.

குழந்தைக்கோ அதுவே முழு வாழ்க்கை. அங்கேதான் தவழ்ந்தது, அங்கேதான் நடை பழகியது. கூடத்தில் இருந்த மலையாளப் பெண்மணி, தாய் பணிக்குச் செல்லும் வேளைகளில் அதைப் பார்த்துக்கொண்டார். அவரைச் 'சேச்சி' என்று அழைத்து, அவரிடமிருந்து பாதி மலையாளமும் கற்றுக்கொண்டது. 'நாத்தூர்' என்று அங்கே அழைக்கப்படும் கட்டடக் காவலர் வங்கதேசத்தவர். தம் பிள்ளைகளைப் பிறந்த மண்ணில் விட்டு வந்த அவர், மாலைதோறும் இந்தக் குழந்தையைத் தூக்கி மின்தூக்கியின் பொத்தானை அழுத்தச் செய்வார். வண்டிகள் நிறுத்துமிடத்தில் இரண்டு பூனைகள். கீழே 'குரோசரி' என்று எல்லாரும் சொல்லும் சிறு கடை. கோடையின் கொடுமை தணியும் மாதங்களில், திருப்பலி முடிந்தபின் துபாய் ஓடையில் அப்ரா என்னும் மரப்படகில் ஒரு பயணம். ஆளுக்கு ஒரு திர்ஹாம். இவ்வளவுதான் அக்குழந்தையின் உலகம். இதில் எதுவும் அதற்கு அயல்நாடு அன்று. கோடை விடுமுறையில் பாட்டியின் ஊருக்குச் சென்றபோது, மூன்றாம் நாளே "வீட்டுக்குப் போலாம்" என்று அழுததாம். பாட்டிக்கு மனம் வருந்தியது. ஆயினும் குழந்தை சொன்னது உண்மையே. அதன் வீடு கராமாவில் அல்லவா இருந்தது?

2018ஆம் ஆண்டின் நடுவில் கனடாவுக்கான அனுமதி வந்தது. பொருள்களை விற்கும் வேலை தொடங்கியது. கட்டில் ஒருநாள் போயிற்று. குளிர்பதனப் பெட்டி மறுநாள் போயிற்று. இரண்டு வயது நிறைந்துவிட்டதால் குழந்தைக்கும் விமானத்தில் தனி இருக்கை. ஆளுக்கு இரண்டு பெட்டி, பெட்டிக்கு 23 கிலோ. ஆக மூவருக்கும் சேர்த்து 138 கிலோ. ஒரு குடும்பத்தின் ஆறு ஆண்டு வாழ்வை அந்த எடைக்குள் அடக்கவேண்டும். தாய் பெட்டியில் அடுக்கியவற்றைக் குழந்தை ஒவ்வொன்றாக எடுத்து, பழைய இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு வருமாம். அதைச் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்ன தாயின் குரல், சொல்லி முடிக்கும்போது உடைந்துவிட்டது.

அறையை ஒப்படைக்குமுன் வெள்ளையடித்துத் தரவேண்டும் என்பது ஒப்பந்தம். குழந்தையின் கை எட்டும் உயரம்வரை சுவர் முழுவதும் வண்ணக் கோடுகள். அவற்றுக்காக அது எத்தனையோ முறை கண்டிக்கப்பட்டிருக்கிறது. கடைசி வாரத்தில் தந்தையே ஒரு வண்ணக்கோலை அதன் கையில் கொடுத்து, "வரைஞ்சுக்கோ" என்றாராம். இரண்டு நாள் கழித்து அந்தச் சுவர் வெண்மையாயிற்று.

புறப்பாட்டை எப்படி நடத்துவது என்பதில்தான் அவர்களுக்குக் குழப்பம். சேச்சி பணிக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து, குழந்தை உறங்கும்போதே தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்று தந்தை நினைத்தார். அழுகையைக் காண அவருக்குத் துணிவில்லை. தாய் என்னிடம் கேட்டார்: "ரெண்டரை வயசுல இவளுக்கு என்ன ஃபாதர் ஞாபகம் இருக்கப்போவுது? எல்லார்ட்டயும் கூட்டிட்டுப் போய் அழவைக்கணுமா?"

அந்தக் கேள்வியை எளிதில் ஒதுக்க இயலாது. மூன்று வயதுக்கு முன் நிகழ்ந்தவற்றைப் பெரும்பாலோர் வளர்ந்தபின் நினைவுகூர்வதில்லை என்பது உளவியலார் கண்ட உண்மை. நினைவில் நில்லாத ஒரு விடைபெறுதலுக்கு என்ன பொருள்?

நான் அவர்களிடம் கேட்டேன்: "உங்கள் குழந்தையின் திருமுழுக்கு உங்களுக்கு நினைவிருக்கிறதா?" இருவரும் தலையசைத்தார்கள். "உங்கள் திருமுழுக்கு?" பதில் இல்லை. நம்முள் பெரும்பாலோர் தம் திருமுழுக்கை அறிய மாட்டார்கள். தாய் தந்தையர் அறிவார்கள், ஞானப்பெற்றோர் அறிவார்கள், பங்குப் பதிவேடு அறியும். நாம் நினைவில் வைக்க இயலாததைப் பிறர் நமக்காக நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்த நினைவின்மேல்தான் நம் விசுவாச வாழ்வு முழுவதும் எழுந்து நிற்கிறது. 'குழந்தைக்குத் தெரியாது' என்ற காரணத்தால் நாம் திருமுழுக்கைத் தள்ளிப்போடுவதில்லை. அதை அவசரமாக மறைவில் முடித்துவிடுவதும் இல்லை. உற்றாரைக் கூட்டி, விளக்கேற்றி, முறையாகவே செய்கிறோம். பிற்காலத்தில் சொல்லிக்கொடுப்பதற்கு நம்மிடம் ஒன்று இருக்கவேண்டும் அல்லவா?

எகிப்துக்கு ஓடிப்போன திருக்குடும்பத்தை எண்ணிப்பாருங்கள். எத்தனை காலம் அங்கிருந்தார்கள் என்பதை மத்தேயு நற்செய்தி கூறவில்லை. ஏரோது இறந்தபின் சூசையப்பர் குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டார் என்பதை மட்டும் கூறுகிறது. பெற்றோருக்கு அது தாயகம் திரும்புதல். குழந்தை இயேசுவுக்கோ, தாம் அறிந்த மண்ணை விட்டு அறியாத மண்ணுக்குச் செல்லுதலாக அது இருந்திருக்கக்கூடும். யூதேயாவில் அர்க்கெலா ஆள்கிறான் என்ற அச்சத்தால், போய்ச் சேர்ந்த இடமும் பெத்லகேம் அன்று, நாசரேத்து. 1952ஆம் ஆண்டில் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் புலம்பெயர்ந்தோரைப் பற்றி வெளியிட்ட ஆவணத்தில், இத்திருக்குடும்பத்தையே எல்லா அகதிக் குடும்பங்களுக்கும் முன்மாதிரியாகக் காட்டினார். அந்தக் குழந்தை தங்கிய நாள்களை எகிப்தின் கோப்து கிறிஸ்தவர்கள் இன்றுவரை மறக்கவில்லை. ஆண்டுதோறும் சூன் முதல் நாளில், திருக்குடும்பம் தம் நாட்டுக்குள் வந்ததை விழாவாகக் கொண்டாடுகிறார்கள். பழைய கெய்ரோவில், திருக்குடும்பம் தங்கியதாக அவர்கள் போற்றும் நிலவறையின்மேல் ஓர் ஆலயமும் நிற்கிறது. குழந்தை கடந்து போயிற்று; மண் அதன் நினைவைக் காத்துக்கொண்டது.

கணவனும் மனைவியும் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் முழுவதும் குழந்தையை அழைத்துக்கொண்டு ஒவ்வோர் இடமாகச் சென்றார்கள். நாத்தூரிடம் சென்றார்கள், அவர் அதை ஒருமுறை கூடத் தூக்கிப் பொத்தானை அழுத்தவைத்தார். குரோசரிக்குச் சென்றார்கள். பூனைகளுக்கும் கையசைத்தாயிற்று. அப்ராவில் ஏறியபோது குழந்தை கேட்டது: "இந்தப் படகு நம்மகூட வருமா?" "வராதும்மா. அது இங்கதான் இருக்கும். நாமதான் போறோம்" என்றார் தந்தை. எளிதில் சொல்லக்கூடிய பொய் ஒன்று அவர் நாவில் வந்திருக்கும். அவர் அதைச் சொல்லவில்லை. கடைசி வெள்ளிக்கிழமை ஆலயத்துக்கு வந்தார்கள். திருமுழுக்குத் தொட்டியின் அருகே நின்று, "இங்கதான் உனக்குப் பேர் வச்சோம்" என்று சொல்லிக்கொடுத்தார்கள். சேச்சியிடம் விடைபெற்றபோது குழந்தை அழுதது, சேச்சியும் அழுதார். பயந்த அழுகை வந்தேவிட்டது. ஆனால், அது ஒருவர் மடியில் இன்னொருவர் அழுத அழுகை. விழித்தெழுந்து ஆளைத் தேடும் அழுகையன்று.

விடைபெற்றதனால் துயரம் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். டொரண்டோ நகரின் ஸ்கார்பரோ பகுதியில் குடியேறிய பின்னும், பல மாதங்கள் அந்தக் குழந்தை சேச்சியைக் கேட்டதாகத் தாய் எழுதினார். பிறகு ஒருநாள் அதுவாகவே, "சேச்சி அங்க இருக்காங்க, நாம இங்க இருக்கோம்" என்று பொம்மையிடம் சொல்லிக்கொண்டிருந்ததாம். நடந்ததைச் சொல்வதற்கு அதனிடம் சொற்கள் இருந்தன. பெற்றோரிடமும் ஒரு மாற்றம் வந்திருந்தது. வாடகை வீடுதான் என்றாலும், போன முதல் வாரத்திலேயே சுவரில் ஆணி அடித்துத் திருக்குடும்பப் படத்தை மாட்டிவிட்டார்கள். 'அப்புறம் பார்க்கலாம்' என்ற சொல்லை வீட்டில் குறைத்துக்கொண்டோம் என்று எழுதியிருந்தார் தந்தை.

ஒண்டாரியோ மாநிலத்தில் அரசு நிதியுதவியுடன் நடக்கும் கத்தோலிக்கப் பள்ளிகள் உண்டு. 2019ஆம் ஆண்டில் குழந்தையைச் சேர்க்கச் சென்றபோது திருமுழுக்குச் சான்றிதழ் கேட்டார்கள். 2023இல் முதல் நற்கருணைக்கும் கேட்டார்கள். இரண்டு முறையும் துபாய் ஆலயத்தின் பெயர் தாங்கிய சான்றிதழே முன்வைக்கப்பட்டது. இனியும் அப்படித்தான். திருச்சபைச் சட்டத்தின்படி, ஒருவர் உறுதிபூசுதல் பெறுவதும், திருமணம் செய்துகொள்வதும், துறவற இறுதி வார்த்தைப்பாடு அளிப்பதும், அவருடைய திருமுழுக்குப் பதிவேட்டில் குறிக்கப்படவேண்டும். எந்த நாட்டில் அவை நிகழ்ந்தாலும், செய்தி திருமுழுக்குப் பெற்ற பங்குக்கு அனுப்பப்படவேண்டும். அந்தப் பெண் வளர்ந்து, எங்கோ ஒரு பனிநாட்டு ஆலயத்தில் மணமுடிக்கும் நாளில், அவளை ஒருபோதும் கண்டிராத ஒரு குருவானவர் துபாயில் பழைய ஏட்டைப் புரட்டி, அவள் பெயருக்கு நேராக ஒரு வரி எழுதுவார். விசா ரத்தாகிவிட்டது, சுவரில் வரைந்த கோடுகள் மறைந்துவிட்டன. அந்த ஏட்டில் உள்ள பெயரோ அப்படியே இருக்கிறது.

இன்று நம் பங்குகளிலிருந்து எத்தனையோ பிள்ளைகள் வளைகுடாவிலும், அங்கிருந்து வேறு நாடுகளிலும் குடும்பம் நடத்துகிறார்கள். விடுமுறைக்கு வரும் பேரக்குழந்தை 'வீட்டுக்குப் போகலாம்' என்று அழுதால், தாத்தா பாட்டிமாரே, வருந்தாதீர்கள். அந்த வீட்டைப் பற்றி அதனிடம் கேளுங்கள். அங்கே யார் இருக்கிறார்கள், என்ன பூனை, என்ன படகு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இடம்பெயரக் காத்திருக்கும் பெற்றோரே, காத்திருக்கும் நாள்களும் உங்கள் குழந்தைக்கு வாழ்நாள்களே. அதற்கு வேண்டிய சிறு வண்டியை இன்றே வாங்கிக்கொடுங்கள். புறப்படும் வேளை வந்தால், அதை அன்பு செய்த மனிதர்களிடம் அழைத்துச் செல்லுங்கள். குழந்தை மறந்துபோகும். ஆகவே நீங்கள் மறவாதிருங்கள். பத்து ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு மாலையில் அது கேட்கும். அப்போது, மின்தூக்கியின் பொத்தானுக்காகத் தன்னைத் தூக்கிப் பிடித்த ஒரு மனிதரைப் பற்றி அதற்குச் சொல்ல வேண்டியிருக்கும்.