பேரரசைப் படம்பிடிக்கப் போன ஓவியர்: வகுப்பறைக்கு வந்த ‘ஸ்லைடு ஷோ’!

1907-ம் ஆண்டு. லண்டனில் ஆல்ஃபிரட் ஹ்யூ ஃபிஷர் என்ற ஓவியருக்கு ஒரு வேலை கிடைத்தது. வயது நாற்பது. பத்திரிகைகளுக்குப் படம் வரைந்து பிழைத்தவர். மூன்று ஆண்டுகள் கப்பலிலும் ரயிலிலும் பயணம் செய்து, பிரிட்டிஷ் பேரரசின் நாடுகளைப் படம்பிடித்து வர வேண்டும். இதுதான் வேலை.

ஒரே ஒரு சிக்கல். ஃபிஷர் தூரிகை பிடித்துப் பழகியவர், புகைப்படக்காரர் அல்ல. கேமராவை இனிமேல்தான் கற்றுக்கொள்ள வேண்டும்!

சரி, இவ்வளவு பெரிய பயணம் யாருக்காக? பள்ளிக் குழந்தைகளுக்காக.

யோசனை சொன்னவர் யார்?

கல்கத்தா பல்கலைக்கழகத்தை ஆராய்ந்த ‘சாட்லர் கமிஷன்’ பற்றிச் சரித்திரப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அந்த மைக்கேல் சாட்லர்தான் இந்த யோசனைக்கும் சொந்தக்காரர். கமிஷனுக்குப் பல ஆண்டுகள் முன்பே, 1902-ல், குடியேற்ற நாடுகளுக்கான அமைச்சர் ஜோசப் சேம்பர்லினிடம் அவர் இதைச் சொன்னார். பேரரசின் கீழுள்ள குழந்தைகள் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. பார்க்காத ஊர் மேல் எப்படிப் பற்று வரும்? படம் காட்டுவோம் என்பதே அவருடைய வாதம்.

குடியேற்ற நாடுகள் அலுவலகத்தின் கீழ் ஒரு குழு அமைந்தது. மே 24-ஐப் ‘பேரரசு தினம்’ என்று கொண்டாட வைத்த மீத் பிரபு அதன் தலைவர். பாடங்களை எழுதும் பொறுப்பு ஹால்ஃபோர்ட் மெக்கிண்டருக்கு. கென்யா மலையின் உச்சியை 1899-ல் முதன்முதலில் தொட்ட குழுவின் தலைவர் அவர். புவியியல் அறிஞர். பூகோளத்தை மனப்பாடம் செய்தால் பயனில்லை, மனக்கண்ணில் படமாகப் பார்க்கத் தெரிய வேண்டும் என்பது அவருடைய நம்பிக்கை. அந்தப் படத்தில் பேரரசும் தெரிய வேண்டும் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

எப்படி வேலை செய்தது?

இன்றைய புரொஜக்டரின் தாத்தா என்று மேஜிக் லாந்தரைச் சொல்லலாம். ஒரு பெட்டிக்குள் பிரகாசமான விளக்கு. அதன் முன்னால் கண்ணாடியில் பதித்த படம். அதற்கும் முன்னால் லென்ஸ். எதிரே சுவரிலோ வெள்ளைத் துணியிலோ படம் பெரிதாக விழும். விளக்கு மண்ணெண்ணெயாக இருக்கலாம், வாயுவாக இருக்கலாம். வாயுச் சுவாலையில் சுண்ணாம்புக் கட்டியைச் சூடாக்கி, கண்ணைக் கூசவைக்கும் வெளிச்சம் தருவதும் உண்டு. அதன் பெயர்தான் ‘லைம்லைட்’. இன்று புகழ் வெளிச்சத்தைக் குறிக்க நாம் சொல்லும் அதே சொல்.

கண்ணாடி ஸ்லைடின் அளவு மூன்றேகால் அங்குலச் சதுரம். சில ஸ்லைடுகளுக்குக் கையாலேயே வண்ணம் தீட்டுவார்கள். பெட்டிக்குள் தலைகீழாகச் செருகினால்தான் திரையில் நேராகத் தெரியும். அவசரத்தில் தவறாகச் செருகினால் கோபுரம் தலைகீழாக நிற்கும், வகுப்பே சிரிக்கும். அதனால் ஓரத்தில் ஓர் அடையாளப் புள்ளி ஒட்டிவைப்பார்கள்.

ஸ்லைடுகளோடு அச்சிட்ட விரிவுரைப் புத்தகமும் உண்டு. ஆசிரியர் அதைப் படிக்கப் படிக்க, படம் மாறிக்கொண்டே போகும். லண்டனைப் பார்த்தே இராத ஆசிரியரும் லண்டனைப் பற்றிப் பாடம் நடத்தலாம்.

முதலில் பார்த்தவர்கள்

முதல் விரிவுரைகள் பிரிட்டனைப் பற்றியவை. அவை முதலில் தயாரானது மூன்று இடங்களுக்கு: இலங்கை, மலாயா பக்கத்து ‘ஸ்ட்ரெய்ட்ஸ்’ குடியேற்றங்கள், ஹாங்காங். இவற்றில் முதல் இரண்டும் தமிழ்ப் பிள்ளைகளும் படித்த நாடுகள். கீழ்த்திசையிலிருந்து கப்பலேறி லண்டன் போய்ச் சேருவதில் தொடங்கி, பெரிய நகரங்கள், தொழில்கள், படைபலம் என்று பாடம் நீளும்.

எழுத உட்கார்ந்த பிறகுதான் சங்கடம் புரிந்தது. ஒரே பாடத்தை எல்லா நாட்டுக்கும் அனுப்ப முடியாது. பனி விழுந்து பார்த்திராத பிள்ளைக்குக் குளிர்காலத்தை எப்படிச் சொல்வது? எந்த ஊர்ப் பொருளோடு எதை ஒப்பிடுவது? அதனால் ஒவ்வொரு நாட்டுக்கும் ஏற்றபடி பாடத்தைத் திருத்தி, தனித்தனிப் பதிப்பு கொண்டுவந்தார்கள். பிறகு இந்தியப் பள்ளிகளுக்கும் ஒரு பதிப்பு வந்தது.

அடுத்தது எதிர்த்திசை. பிரிட்டனின் பிள்ளைகளுக்கு மற்ற நாடுகளைக் காட்ட வேண்டும். ஆனால், காட்ட நல்ல படங்கள் இல்லை. அதற்காகத்தான் ஃபிஷரை அனுப்பினார்கள்.

இரண்டு பெட்டிகள்

ஃபிஷருக்குக் கேமரா கற்றுக்கொள்ள ஏற்பாடு நடந்தது. எதைப் படம்பிடிக்க வேண்டும் என்று மெக்கிண்டர் விளக்கமாகச் சொல்லி அனுப்பினார். சுருக்கமாகச் சொன்னால் இரண்டே இரண்டு விஷயம். ஒன்று, அந்த நாட்டின் இயல்பும் மக்களும். இரண்டு, பிரிட்டிஷ் ஆட்சி வந்து சேர்த்தவை.

கேட்க எளிமையாக இருக்கிறது அல்லவா? ஆனால், இதற்குள் ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. கோயில், குளம், சந்தை எல்லாம் முதல் பெட்டிக்குள். ரயில், பாலம், துறைமுகம் எல்லாம் இரண்டாம் பெட்டிக்குள். பழையது உங்களுடையது, புதியது நாங்கள் கொடுத்தது!

இந்தியாவைப் பற்றிய எட்டு விரிவுரைகள் மெக்கிண்டர் பெயரில் 1910-ல் புத்தகமாக வந்தன. முதல் விரிவுரையே மெட்ராஸும் இந்து சமயமும்தான்.

அதே ஆண்டுகளில் அந்த மெட்ராஸ் மாகாணத்தில் என்ன நடந்தது? 1906-ல் வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே, பிரிட்டிஷ் கம்பெனிக்குப் போட்டியாக நம்மவர்களின் கப்பல் ஓடியது. 1908-ல் அவரைக் கைது செய்தார்கள். 1910-ல் மெக்கிண்டரின் புத்தகம் அச்சாகி வந்தபோது வ.உ.சி. சிறையில் இருந்தார்.

அந்தக் கப்பலை எந்தப் பெட்டியில் வைப்பது? அது பழையதும் அல்ல, பிரிட்டன் கொடுத்ததும் அல்ல. பழையதை வைத்துக்கொண்டு அசையாமல் நிற்கும் மக்களைக் காட்டத்தான் அந்தத் திரையில் இடம் இருந்தது. தாங்களே புதிதாக ஒன்றைச் செய்யும் மக்களுக்கு இல்லை.

திட்டம் என்ன ஆனது?

ஃபிஷர் 1910 வரை சுற்றினார். இந்தியா, பர்மா, இலங்கை, கனடா, ஹாங்காங், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்று பட்டியல் நீளும். 1911-ல் இந்தியா, பர்மா பயணத்தைத் தன் ஓவியங்களோடு தனிப் புத்தகமாகவும் கொண்டுவந்தார்.

பள்ளிகளோ எதிர்பார்த்த அளவுக்கு ஸ்லைடுகளை வாங்கவில்லை. கண்ணாடிப் படங்களின் தொகுப்பு மலிவானது அல்ல. லாந்தர் வேண்டும், இருட்டான அறை வேண்டும், இயக்கத் தெரிந்த ஆள் வேண்டும். இதற்குள் சினிமா வந்துவிட்டது, முதல் உலகப்போரும் வந்துவிட்டது. குழு மட்டும் பெயருக்கு 1945 வரை நீடித்தது.

ஃபிஷரின் ஆல்பங்கள் இன்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. நூறு ஆண்டுகளுக்கு முந்தைய தெருவையும் உடையையும் தேடுபவர்களுக்கு அவை பெரிய புதையல். எந்த நோக்கத்தில் எடுத்திருந்தாலும், அன்று கேமராவின் முன் நின்றவர்கள் நிஜ மனிதர்கள். ஆனால், அந்த முகங்களில் பலவற்றுக்குப் பெயர் இல்லை. படம் எடுத்தவரின் பெயர் இருக்கிறது, பாடம் எழுதியவரின் பெயர் இருக்கிறது.

இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் செல்போனில் விரலைத் தள்ளி ஒரு நாளில் பார்க்கும் படங்கள், அந்த வகுப்பறைகள் ஓர் ஆண்டில் பார்த்ததைவிட அதிகம். அடுத்த முறை தெரியாத ஊரைப் பற்றி ஒரு வீடியோ வந்தால், பிள்ளைகளோடு சேர்ந்து மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள். இதை எடுத்தவர் யார்? பின்னணியில் பேசுவது யாருடைய குரல்? படத்தில் இருப்பவரைப் பேசவிட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்?