தொட்டால் ஒட்டாது!



நம் உடம்பிலேயே பெரிய உறுப்பு எது என்று கேட்டால் பாதிப் பேர் கல்லீரல் என்போம். உள்ளே இருப்பதில் அது பெரியது. மொத்தத்தில் பெரியது தோல்தான். ஒரு பெரியவரின் தோலை விரித்தால் 1.5 முதல் 2 சதுர மீட்டர் வரும். ஒரு ஆள் படுக்கும் கோரைப்பாய் அளவு!

மேலே புறத்தோல், அடியில் அடித்தோல், அதற்கும் கீழே கொழுப்பு. புறத்தோலின் அடிவரிசையில் புதுச் செல்கள் பிறந்து, மெல்ல மேலே ஏறி, செத்து உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். வியர்வைச் சுரப்பி, ரத்தக் குழாய், முடிவேர் எல்லாம் அடித்தோலில். இதெல்லாம் பரீட்சைக்கு 5 மார்க். நான் எழுத வந்தது வேறு.

அதே அடிவரிசையில் மெலனோசைட் என்ற நிறமிச் செல்கள் இருக்கின்றன. மெலனின் தயாரித்துப் பக்கத்துச் செல்களுக்குக் கொடுப்பது இவற்றின் வேலை. வெயிலின் புற ஊதாக் கதிருக்கு அந்த மெலனின்தான் குடை. கறுப்பானவர், சிவப்பானவர் எல்லாருக்கும் இந்தச் செல்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றே. தயாராகும் மெலனின்தான் கூடக் குறைய. (சிவப்பழகு க்ரீம் வாங்கும் அக்காமார் கவனிக்க!)

நான் ஏழாவது படிக்கும்போது என் இடது முழங்கையில் பொட்டு அளவு வெள்ளையாக வந்தது. இப்போது மணிக்கட்டு வரை வந்துவிட்டது. பாட்டி, "மீனும் தயிரும் சேத்துத் தின்னதால வந்துச்சு"ன்னு சொல்லி மீனையே நிறுத்திட்டாங்க. அதுதான் எனக்குப் பெரிய வருத்தம். டாக்டரம்மா சிரித்துவிட்டு, "மீன் தாராளமா சாப்பிடு" என்றார். நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே ஆள் தெரியாமல் நிறமிச் செல்களை அழித்துவிடுகிறதாம். கிருமி எதுவும் இல்லை. இருந்தால்தானே பரவ!

ஆனால் விளையாட்டு பீரியடில் கைகோர்த்து வட்டமாக நிற்கச் சொன்னால், என் இடப்பக்கம் நிற்பவள் கைக்குட்டையின் ஒரு முனையை நீட்டுகிறாள். "எங்கம்மா தொடக்கூடாதுன்னாங்கடி" என்கிறாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. 'வெண்குஷ்டம்' என்று யாரோ வைத்த பேரின்மேல்தான் கோபம்.

குஷ்டம் என்பது தொழுநோய். அது ஒரு பாக்டீரியாவால் வருவது. 1873இல் நார்வே டாக்டர் ஹான்சன் கண்டுபிடித்தார். அந்தத் தேமலில் உணர்ச்சி குறைந்துபோகும். டாக்டரம்மா என்னைக் கண்ணை மூடச் சொல்லி, வெள்ளை இடத்தைப் பஞ்சால் தொட்டார். ஒவ்வொரு தடவையும் சரியாகச் சொன்னேன். எறும்பு ஊர்ந்தாலும் தெரியும், கிள்ளினாலும் வலிக்கும். இன்னொன்று, தொழுநோயும் இன்று மருந்தால் முழுசாகக் குணமாகிறது. அவர்களையும் ஒதுக்க வேண்டியதில்லை.

இதன் சரியான பேர் வெண்புள்ளி. உலகத்தில் 100 பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு இருக்கிறது. மைக்கேல் ஜாக்சனுக்கும் இருந்தது. அவர் மறைந்த ஜூன் 25தான் உலக வெண்புள்ளி தினம்.

நான் முழுக்கைச் சட்டை போடுவது ஏன் என்று கேட்கிறீர்கள். வெள்ளை இடத்தில் குடை இல்லையே, வெயில் பட்டால் சட்டென்று சிவந்து எரியும். அதனால்தான். வேறு ஏதாவது கேட்க வேண்டுமா? மதிய இடைவேளையில் வேப்பமரத்தடியில்தான் சாப்பிடுவேன். வந்து கேளுங்க. பஞ்சு கொண்டு வந்தாலும் சரி.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு