இரண்டு தண்டுகள், இரண்டு நேர்கோடுகள்

ஏப்ரல் 27, சனி. அல்கோனாக்.

மிச்சிகன் மாநிலத்தில் செயின்ட் கிளேர் நதிக்கரையிலுள்ள இச்சிற்றூர், கிறிஸ்டோபர் கொலம்பஸ் ஸ்மித் என்பவர் தம் புதல்வர்களோடு 1922இல் தொடங்கிய, பின்னாளில் கிறிஸ்-கிராஃப்ட் எனப் பிரசித்திபெற்ற படகுக் கம்பெனியின் ஜன்மபூமியாதலால், ஐம்பதுகளில் கட்டிய மஹாகனிப் படகொன்றைப் புதுப்பிக்க விரும்புகிறவர் அதை இங்கே கொண்டுவந்து சேர்ப்பது இயல்பே. உளுத்த பலகைகள் மாற்றியாயிற்று, வார்னிஷும் காய்ந்துவிட்டது. இரண்டு இன்ஜின்களையும் இன்றே நேர்படுத்திவிடலாகாதா என்று உடைமையாளர் கேட்டார். ஆகாதென்றேன். தரையில் நாலைந்து கட்டைகளின்மேல் அமர்ந்திருக்கும் மரப்படகு அக்கட்டைகளுக்கிடையே சற்றுத் தொய்ந்தே நிற்கும். நீரில் இறங்கி, பலகைகள் ஊறிப் பருத்து, இடுக்குகள் இறுகியபின் அதன் ஆகிருதியே சிறிது மாறிவிடும். உத்தேசமாக நிறுத்திவைத்தல் ஒன்றே இப்போது செய்யத்தக்கது.

மே 11, சனி.

படகை நீரில் இறக்கியபின் உட்கசிவு நின்று பம்ப்புக்கு வேலை இல்லாமற்போயிற்று. மரம் ஊறிவிட்டதற்கு இதைவிடப் பிரத்யட்சமான சாட்சி வேண்டியதில்லை. டாங்குகளில் பாதியளவு பெட்ரோலை நிரப்பச் சொல்லி, தளப்பலகைகளைத் தூக்கி, இடது இன்ஜினில் தொடங்கினேன். இன்ஜின்கள் இரண்டையும் ஒன்றுக்கொன்று இணையாக நிறுத்துவதே இந்த வேலை என்று எண்ணிய உடைமையாளர், படகின் நடுவே நூல் கட்டி வைத்திருந்தார். அவருடைய சிரத்தை பாராட்டத்தக்கதேயாயினும் நூலை அவிழ்க்கவேண்டியதாயிற்று. ஒவ்வோர் இன்ஜினும் தான் சுழற்றும் ப்ரொபெல்லர் தண்டுக்கு மாத்திரமே கட்டுப்பட்டது. தண்டோ, படகின் அடியில் நீரே எண்ணெயாக ஓடும் ரப்பர் பேரிங்குக்குக் கட்டுப்பட்டது. ஆதலால் அசைக்கவேண்டியது இன்ஜினையே.

இன்ஜினையும் தண்டையும் இணைக்கும் கப்ளிங்கின் போல்ட்டுகளைக் கழற்றியதும் தண்டின் நுனி தன் பாரத்தால் தொங்கும். அத்தொங்கலோடு அளந்தால் அளவே பொய்யாகும். வெளியே நீண்டிருக்கும் பகுதியின் எடையில் பாதியோடு கப்ளிங்கின் எடை முழுவதையும் கூட்டி, அவ்வளவுக்கு ஸ்பிரிங் தராசால் தூக்கி, அந்நிலையில் அடியில் ஆப்பு வைத்தோம். பின்னர் கப்ளிங்கின் இரு பாதிகளான பிளேஞ்சுகளின் முகங்களையும் தொடுவதுபோல் நெருக்கி, மேலும் கீழும் இரு பக்கங்களிலும் ஃபீலர் கேஜின் தகட்டைச் செருகிப் பார்த்தேன். விட்டத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை வித்தியாசம் இருக்கலாம் என்பது தொழில் மரபு. எங்கள் பிளேஞ்சின் விட்டம் 4 அங்குலமாகையால் 4 பங்கு வரை மன்னிக்கலாம். இங்கே மேற்புறத்தைவிடக் கீழ்ப்புறம் 8 பங்கு அகன்றிருந்தது.

உடனே ஸ்பானரை எடுப்பது அவசரக்காரர் வழக்கம். இன்ஜின் பக்கத்தை அசைக்காமல் தண்டை மட்டும் கால் சுற்றுத் திருப்பினேன். அகலமான இடம் தண்டோடு சேர்ந்து நகர்ந்திருந்தால் தண்டு வளைந்திருக்கும், அல்லது அதன் பிளேஞ்ச் கோணலாயிருக்கும். அந்நிலையில் இன்ஜினை எவ்வளவு திருகியும் பிரயோஜனமில்லை. அகலமான இடம் கீழேயே நின்றதால் குற்றம் இன்ஜினின் இருப்பில்தான். முன்பக்கம் உயர்ந்துவிட்ட இன்ஜினில், தலைகுனிந்தவரின் நெற்றி முன்வருவதுபோல், பிளேஞ்சின் மேல்விளிம்பு தண்டை நோக்கி நீள, கீழ்விளிம்பு விலகிவிடும். முன் மவுண்டுகளுக்கும் பின் மவுண்டுகளுக்கும் இடையே 32 அங்குலம். விட்டத்தைப்போல் எட்டு மடங்கு. ஆகவே முன்பக்கத்தை ஏறத்தாழ பதினாறில் ஓர் அங்குலம் தாழ்த்தினால் போதும் என்று கணக்கு சொல்லிற்று. தாழ்த்தியதும் பக்கவாட்டு அளவு கெட்டது. அதைத் திருத்த, உயரம் கெட்டது. இருட்டும்வரை இவ்விரண்டுக்கும் இடையே பஞ்சாயத்து நடந்தது.

மே 12, ஞாயிறு.

வலது இன்ஜின். நேற்றைய அளவுகள் இங்கே இம்மியும் உதவவில்லை. கையால் கட்டிய படகின் வலப்பாதி இடப்பாதியின் பிரதிபிம்பமன்று. உயரம் சரியாகவே இருந்தது, கோளாறு பக்கவாட்டில். கியர் பெட்டியின் சீலில் பழைய எண்ணெய்க் கறை படிந்திருந்ததற்கும் பேரிங் ஒருபக்கமாகத் தேய்ந்திருந்ததற்கும் காரணம் இப்போது விளங்கிற்று.

மே 18, சனி.

நதியில் ஓட்டிப் பார்த்தோம். முன்னே செல்லுகையில் இரு ப்ரொபெல்லர்களும் மேற்புறத்தில் வெளிநோக்கிச் சுழல்வதால், ஒன்றின் பக்க இழுப்பை மற்றொன்று ஈடுசெய்து, படகு கோடு பிசகாமல் சென்றது. ஆயினும் சீரான இடைவெளியில் எழுந்து அடங்கும் ஒரு விம்மலைக் கேட்டதும் உடைமையாளரின் முகம் வாடிவிட்டது. நேர்படுத்தியதில் பிழையென்று அவர் அஞ்சினார், நான் அஞ்சவில்லை. வலது லீவரை மயிரிழை பின்னுக்கு இழுக்க, விம்மல் நீண்டு மெலிந்து மறைந்தது. இரு இன்ஜின்களின் சுற்றுக்கணக்கும் சிறிது வேறுபட்டதால் எழுந்த ஓசை அது. ஆனால் இரு சுற்றுக்கணக்கு மீட்டர்களின் முட்களும் அப்போது ஒரே எண்ணைக் காட்டவில்லை. எது பொய் சொல்கிறதென்று அடுத்த வாரம் பார்க்கவேண்டும்.