எல்லாம் கேஸ்தானே?

அம்மா இதைப் படித்தால் என்பதற்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பியர் காய்ச்சுவது என் ரூம்மேட். நான் கேஸ் வேலை மட்டும்தான் பார்த்தேன் :-)

அமெரிக்காவில் இது தப்பில்லை. 1978-ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட சட்டப்படி, பெரியவர்கள் இருவர் உள்ள வீட்டில் வருடத்துக்கு 200 காலன் வரை வரி கட்டாமல் காய்ச்சலாம், விற்கத்தான் கூடாது. இவன் ஒரு தடவைக்கு 5 காலன். கொல்லைப்புறத்தில் இரும்பு பர்னர், 20 பவுண்டு ப்ரோப்பேன் சிலிண்டர், மேலே எவர்சில்வர் அண்டா. தூரத்தில் இருந்து பார்த்தால் நம்ம ஊர் கல்யாண சமையல்தான்.

ஆனால் நாங்கள் இருப்பது மினசோட்டா. டிசம்பரில் ஒரு நாள், ஒரு மணி நேரம் கொதிக்க வேண்டிய அண்டா பாதியிலேயே அடங்கிவிட்டது. சிலிண்டர் தீரவில்லை. உள்ளே இருக்கும் திரவம் ஆவியாக வெளியில் இருந்து சூடு வேண்டும். பனியில் நிற்கிற சிலிண்டருக்கு சூடு எங்கே கிடைக்கும்?

பேஸ்மென்ட்டுக்குக் கொண்டு போகலாமா என்றான். அதற்கு மட்டும் நான் சம்மதிக்கவில்லை. ப்ரோப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், கசிந்தால் தரையிலேயே தேங்கி நிற்கும்.

கிரில் அடுப்புக்காக வீட்டுச் சுவரில் பைப் கேஸ் இணைப்பு ஒன்று இருந்தது. "இதுல மாட்டிடலாமா?" என்றான். மெக்கானிக்கல் எம்.எஸ். படிக்கிற நான், "எல்லாம் கேஸ்தானே" என்றேன். ஹோஸை மாற்றி மாட்டினோம். அகல் விளக்கு மாதிரி எரிந்தது.

அப்புறம்தான் பேப்பரை எடுத்தேன். ஒரே கன அளவுக்கு ப்ரோப்பேன் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு சூடு தரும். அதுகூடப் பெரிய விஷயமில்லை, அழுத்தம்தான் விஷயம். எங்கள் சிலிண்டர் ரெகுலேட்டர் தருவது 10 பிஎஸ்ஐ, வீட்டு பைப்பில் வருவது வெறும் கால் பிஎஸ்ஐ. கணக்குப் போட்டால், அதே சூடு கிடைக்க ஜெட்டின் ஓட்டை மூன்று மடங்கு அகலமாக வேண்டும். பழைய ஜெட்டையே துளை போட்டுப் பெரிதாக்கலாம் என்றான். வேண்டாம், திரும்ப ப்ரோப்பேனுக்கு மாற வேண்டி வரும் என்று சொல்லி, பைப் கேஸுக்கான ஜெட்டும் வால்வும் தனியாக வாங்க வைத்தேன். சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவும் பார்த்தோம். குளிர்காலம் முழுக்க அருமையாக எரிந்தது.

மே மாதம் ஒரு நண்பர் வீட்டில் காய்ச்சலாம் என்று பர்னரையும் சிலிண்டரையும் காரில் ஏற்றினோம். பழைய ஜெட் எங்கள் சமையலறை டிராயரிலேயே தூங்கிக்கொண்டிருந்தது.

மூன்று மடங்கு அகலம் என்றால் ஒன்பது மடங்கு பரப்பு. பற்ற வைத்தது நான். மஞ்சள் தீ அண்டாவைத் தாண்டி மேலே எழும்பியது. கைமுடி பொசுங்கிவிட்டது. நண்பரின் 5 வயது மகள் அப்போதுதான் எட்டிப் பார்க்க வந்திருந்தாள். அவர் அவளை இழுத்த வேகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. நான் வால்வை மூடினேன். யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் தாங்கவில்லை.

இப்போது ப்ரோப்பேன் ஜெட்டை சிலிண்டர் ரெகுலேட்டரோடு கம்பி போட்டுக் கட்டி வைத்திருக்கிறோம். அண்டாவின் கரியை மூன்று நாள் தேய்த்தேன்.

அப்பாவிடம் போனில் சொன்னேன் (பியர் என்று சொல்லவில்லை). சிரித்துவிட்டு, "நம்ம வீட்டுக்கு பைப் கேஸ் வந்தப்ப, அந்தத் தம்பி அடுப்பைக் கவுத்துப் போட்டு ஜெட்டை மாத்திட்டுத்தானடா போனான்? நீ பக்கத்துலதான உக்காந்து போன் நோண்டிட்டிருந்த?" என்றார்.