கெட் என்ன நிறம்?

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் எங்கள் பகுதிப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் கதை சொல்வது எங்கள் வழக்கம். போன கோடை விடுமுறையில் உர்சுலா லெ குவின் எழுதிய 'எ விசார்ட் ஆஃப் எர்த்சீ' நாவலைத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தோம். முழுக்கத் தீவுகளால் ஆன ஓர் உலகம். அதில் காண்ட் என்ற மலைத்தீவில் தாயில்லாமல் வளரும் ஒரு பையன், வெண்கலக் கொல்லரின் மகன், ஆடு மேய்ப்பவன். பின்னாளில் அந்த உலகத்தின் மிகப் பெரிய மந்திரவாதியாகிறான். அவன்தான் கெட்.

நாலாவது வாரம் கெட்டை வரையச் சொன்னோம். 11 படங்கள் வந்தன. 9 படங்களில் முகத்துக்கு 'ஸ்கின் கலர்' பென்சிலைத் தேய்த்திருந்தார்கள். கலர் பென்சில் டப்பாவில் இளஞ்சிவப்பாக ஒன்று இருக்குமே, அதற்குப் பிள்ளைகள் வைத்திருக்கும் பெயர் அது. அந்தப் பென்சிலைப் பிடித்திருந்த கைகளில் ஒன்றுகூட அந்த நிறத்தில் இல்லை.

பிள்ளைகள் மேல் என்ன குறை சொல்ல முடியும்? தவறு எங்களுடையது. கெட்டின் தோல் செம்பழுப்பு என்று நாவலில் இருக்கிறது. அவனுடைய நண்பன் வெட்ச் நல்ல கறுப்பு. கதை சொல்லும்போது நாங்கள் அதை விட்டுவிட்டோம். டிராகன் வரும் இடத்தையும் புயல் வரும் இடத்தையும் விடாமல் சொன்னவர்களுக்கு, நிறம் சொல்ல வேண்டிய விஷயமாகத் தோன்றவில்லை. சமூகவியல் படித்தவர்கள், இதே வேலையில் பத்து வருடமாக இருப்பவர்கள், நாங்களே அப்படித்தான் இருந்தோம்.

எங்கள் தவறு ஒரு திண்ணையோடு போயிற்று. இதையே பணம் போட்டு, கேமரா வைத்துச் செய்தவர்களைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

'எ விசார்ட் ஆஃப் எர்த்சீ' 1968-இல் வந்தது. அதுவரை ஆங்கில மாயக்கதை உலகத்தில் நாயகர்கள் வெள்ளையர்கள், கெட்டவர்கள் கறுத்தவர்கள். லெ குவின் இதைத் திருப்பிப் போட்டார். அவருடைய தீவுகளில் பெரும்பாலானவர்கள் பழுப்பு, செம்பு, கறுப்பு நிறத்தவர்கள். முதல் அத்தியாயத்தில் கப்பலேறி வந்து ஊர்களைக் கொளுத்தும் கார்காட் படைதான் வெள்ளைத்தோல். அதற்காக வெள்ளையர் எல்லாரும் தீயவர் என்று அவர் எழுதிவிடவில்லை. இரண்டாம் நாவலின் நாயகி டெனார் அந்தக் கார்காட் நாட்டுப் பெண்தான்.

இதில் ஒரு தந்திரமும் செய்தார். கதை தொடங்கிய உடனே கெட்டின் நிறத்தைச் சொல்லவில்லை. வெள்ளை வாசகர் அந்தப் பையனோடு ஒட்டிக்கொள்ளட்டும், பிறகு தெரியட்டும் என்று கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்த்தார். இதைப் பின்னாளில் அவரே எழுதினார். வெள்ளையரல்லாத இளம் வாசகர்கள், மாயக்கதைக்குள் தங்களுக்கும் இடமுண்டு என்று முதன்முதலாக உணர்ந்ததாக அவருக்குக் கடிதம் எழுதினார்கள்.

இப்போது தொலைக்காட்சிக்கு வருவோம். முதல் இரண்டு நாவல்களையும் ஒன்றாகச் சேர்த்து 'எர்த்சீ' என்ற குறுந்தொடர், அமெரிக்காவின் சை-ஃபை சேனலில் 2004 டிசம்பரில் இரண்டு பகுதிகளாக ஒளிபரப்பானது. இயக்கம் ராபர்ட் லீபர்மேன். திரைக்கதை கேவின் ஸ்காட். தயாரிப்பின் தலைமையில் ராபர்ட் ஹால்மி சீனியர். மூவரும் வெள்ளை ஆண்கள். செம்பழுப்பு கெட்டாக நடித்தவர் ஷான் ஆஷ்மோர், வெள்ளை நடிகர். கறுப்பு வெட்ச்சாக நடித்தவரும் வெள்ளையர். கெட்டின் ஆசான் ஓகியன் வேடத்தில் டேனி குளோவர். முக்கியப் பாத்திரங்களில் நடித்த ஆண்களில் கறுப்பர் அவர் ஒருவர்தான். நாவலில் வெள்ளைப் பெண்ணான டெனாராக நடித்தவர் கிறிஸ்டின் க்ரூக். அவருடைய தாய் சீன வம்சாவளி. எழுத்தாளர் வரைந்த நிற வரைபடம் அப்படியே தலைகீழாகிவிட்டது.

நடிகர்கள் மேல் எங்களுக்குக் கோபமில்லை. வேலைக்குக் கூப்பிட்டார்கள், வந்தார்கள். 'பொருத்தமான ஆள் கிடைக்கவில்லை' என்ற சமாதானத்தைத்தான் ஏற்க முடியாது. இந்த வாக்கியம் நமக்குப் புதிதல்ல. இடஒதுக்கீட்டுப் பணியிடங்களை வருடக்கணக்கில் காலியாக வைத்துக்கொண்டு சொல்லப்படும் அதே வாக்கியம். தொடர் படமாக்கப்பட்டது கனடாவின் வான்கூவர் பகுதியில். மஸ்க்வியம், ஸ்குவாமிஷ், ஸ்லேவாடூத் பூர்வகுடிகளின் நிலம் அது. 1970-இல் வெளியான 'லிட்டில் பிக் மேன்' படத்துக்காக ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்ட நடிகர் சீஃப் டான் ஜார்ஜ், ஸ்லேவாடூத் மக்களில் ஒருவர். செம்பழுப்பு நாயகனைத் தேடுகிறவர்கள் அந்த மண்ணிலேயே தேடியிருக்கலாம்.

தோழர்கள் கேட்கலாம்: இத்தனை நடக்கும்போது எழுத்தாளர் எங்கே போனார்?

அவர் 'ஆலோசகர்'. ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது. 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படங்களுக்குத் திரைக்கதை எழுதியவர்களில் ஒருவரான ஃபிலிப்பா பாயன்ஸ் இதை எழுதுவார் என்ற பேச்சு முதலில் இருந்தது. லெ குவின் அதை நம்பி உரிமையைக் கொடுத்தார். பாயன்ஸ் வரவில்லை. பிறகு வேறொருவரின் திரைக்கதைப் பிரதி லெ குவினுக்கு வந்து சேர்ந்தது. கூடவே படப்பிடிப்பு தொடங்கிவிட்டது என்ற செய்தியும் வந்தது. ஆலோசகர் என்ற சொல்லுக்கு என்ன மதிப்பு என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

இந்த இடத்தைப் படித்தபோது நாங்கள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சிரித்தோம். சில வருடங்களுக்கு முன் எங்களையும் ஒரு குழுவில் உறுப்பினராகப் போட்டார்கள். எங்கள் மக்களின் குடியிருப்பு பற்றிய குழு. காலை 11 மணிக்குக் கூட்டம். போய் உட்கார்ந்தோம். டீ, பிஸ்கட் வந்தது. அதற்குப் பின்னால் தீர்மான நகல் வந்தது, முன்பே தட்டச்சு செய்யப்பட்டு, எங்கள் பெயர்களுக்கு நேரே கையெழுத்துக்கு இடம் விட்டு. 'விவாதிக்க வேண்டாமா?' என்று கேட்டோம். 'உங்க கருத்தையும் சேர்த்துக்கிறோம்மா, இப்ப கையெழுத்துப் போடுங்க' என்றார்கள். போடாமல் எழுந்து வந்தோம். தீர்மானம் எங்கள் கையெழுத்து இல்லாமலே நிறைவேறியது.

லெ குவின் யார்? அமெரிக்காவின் மதிக்கப்பட்ட எழுத்தாளர், வெள்ளையர், மானுடவியலாளர் ஆல்ஃபிரட் குரோபரின் மகள். அவர் எழுதிய கதையில் அவருக்கே இதுதான் நிலைமை என்றால், கெட்டின் நிறத்தில் இருக்கும் ஒருவர் ஆலோசகர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் அவர் சும்மா இருக்கவில்லை. எழுத்தாளரின் நோக்கம் இன்னதென்று இயக்குநர் ஒரு பத்திரிகையில் பேசினார். உங்கள் நோக்கத்தை நீங்கள் சொல்லுங்கள், என் நோக்கத்தை நான் சொல்லிக்கொள்கிறேன் என்ற பொருளில் லெ குவின் பதில் எழுதினார். தொடர் ஒளிபரப்பான சில நாட்களில் 'ஸ்லேட்' இணைய இதழில் தன் கதை எப்படி வெளுக்கப்பட்டது என்று பெயர் சொல்லிக் கட்டுரை எழுதினார். எர்த்சீ தொடரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இன்றும் அந்தக் கட்டுரை கூடவே வருகிறது.

தொடரில் இன்னொரு கோளாறும் உண்டு. எர்த்சீயில் ஒருவருக்கு இரண்டு பெயர். ஊர் கூப்பிடுவது ஒன்று, மெய்ப்பெயர் இன்னொன்று. மெய்ப்பெயரை நம்பியவர்களிடம் மட்டும்தான் சொல்வார்கள். நாவலில் கெட் என்பது மெய்ப்பெயர். ஊரார் கூப்பிடுவது ஸ்பாரோஹாக். தொடரில் இரண்டையும் மாற்றிவிட்டார்கள். யாராவது நாவலைக் கவனமாகப் படித்திருந்தால் நடக்காத தவறு. 1922-இல் எம்.சி. ராஜா சென்னை சட்டமன்றத்தில், ஊர் நம்மேல் சுமத்திய பெயர்களை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கி ஆதி திராவிடர் என்று எழுத வேண்டுமெனத் தீர்மானம் கொண்டுவந்தார். அந்த வரலாறு தெரிந்த ஒரே ஒருவர் அந்தத் திரைக்கதை மேசையில் இருந்திருந்தால் இந்தப் பெயர் மாற்றம் கண்ணில் பட்டிருக்கும்.

இதற்கு நேர்மாறான உதாரணம் ஒன்றும் சொல்ல வேண்டும். 'பெர்சி ஜாக்சன்' கதைகளை எழுதிய ரிக் ரியார்டன், 2010-இல் அவை சினிமாவானபோது ஆட்சேபங்களைக் கடிதமாக எழுதியதோடு நின்றார், கேட்பாரில்லை. அதே கதைகள் 2023 டிசம்பரில் டிஸ்னி பிளஸ்ஸில் தொடராக வந்தபோது அவர் அதை உருவாக்கியவர்களில் ஒருவர், தயாரிப்பிலும் இருந்தார். அனபெத் வேடத்துக்குக் கறுப்பினச் சிறுமி லியா ஜெஃப்ரிஸ் தேர்வானதும் இணையத்தில் வசை கிளம்பியது. ரியார்டன் அதை இனவெறி என்று வெளிப்படையாகச் சொல்லி, அந்தச் சிறுமியின் பக்கம் நின்றார். எழுத்தாளர் அதேதான், கதையும் அதேதான். நாற்காலி மட்டும் மாறியிருந்தது.

'புத்தகத்தில் அனபெத் வெள்ளைதானே, அதை மாற்றினால் மட்டும் சரியா?' என்று ஒரு மாணவத் தோழர் எங்களிடம் கேட்டார். நியாயமான கேள்வி. வெள்ளையாக இருப்பது அனபெத் கதையின் அடித்தளம் இல்லை. கெட்டின் நிறமோ, வெள்ளை நாயகர்களே நிறைந்த அலமாரிக்கு எதிராகத் திட்டமிட்டு வைக்கப்பட்டது. இரண்டு மாற்றங்களும் ஒன்றல்ல.

'நாங்கள் நிறம் பார்ப்பதில்லை' என்று சொல்லித் தேர்ந்தெடுப்பவர்களின் பட்டியல் கடைசியில் ஒரே நிறமாக இருக்கும். 'நாங்கள் சாதி பார்ப்பதில்லை' என்பவர்களின் அலுவலகத்தில் உள்ள பெயர்ப்பலகைகளை நாம் பார்த்திருக்கிறோம். ஆகவே தோழர்களே, அடுத்த தொடரைப் பார்க்கும்போது முகங்களை எண்ணுவதோடு நின்றுவிடாதீர்கள். கடைசியில் ஓடும் பெயர்களையும் படியுங்கள். எழுதியது யார், தேர்ந்தெடுத்தது யார், பணத்துக்குக் கையெழுத்துப் போட்டது யார்? உங்களை யாராவது குழுவில் சேர்த்தால், கூட்டத்துக்கு முன்பே கேளுங்கள்: தீர்மானத்தை எழுதுவது யார்?

நாங்கள் அடுத்த ஞாயிறு கதையை முதலிலிருந்து மறுபடி சொன்னோம், நிறங்களோடு. நாலாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, 'அக்கா, அப்ப கெட்டு எங்க மாமா மாதிரியா?' என்றாள். ஆமாம் என்றோம். டப்பாவில் செம்பழுப்பு இல்லை. பழுப்பின் மேல் சிவப்பைத் தேய்த்துப் பார்த்தாள், பிறகு தன் கையைப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் தேய்த்தாள்.