அம்மா கேட்ட கேள்வி

தம்பிக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்தி நான்காண்டுகள் ஆகியிருந்தன. கொடுத்தவர் அம்மா. 2018 மார்கழியில் அவனுக்குத் தலைவலி தொடங்கிற்று. மூன்று வாரங்கள் நீடித்த அவ்வலிக்கு வேலைப்பளு என்றும், கண்ணாடியின் பவர் மாறிவிட்டதென்றும் நாங்களே காரணம் கற்பித்துக்கொண்டிருந்தோம். காய்ச்சல் பெரிதாக இல்லை. ஒரு மாலை, பிறந்து வளர்ந்த தெருவின் பெயர் நினைவுக்கு வராமல் அவன் திகைத்து நின்றபோதுதான் அஞ்சினோம்.

முதுகில் ஊசி செலுத்தி, மூளையைச் சூழ்ந்த நீரை எடுத்துச் சோதித்தார்கள். அந்நீரில் இந்திய மையைக் கலந்து நுண்ணோக்கியில் பார்த்தபோது, கறுத்த பரப்பில் மை புகாத வெண்வளையம் சூழ்ந்த உருண்டைகள் தெரிந்தனவாம். கிரிப்டோகாக்கஸ் என்னும் பூஞ்சை. புறா எச்சத்திலும் மண்ணிலும் இருப்பது. மூச்சோடு உள்ளே போவது. நலமுடையோர் உடல் பெரும்பாலும் அதை அடக்கிவிடும். மாற்றுறுப்பை உடல் தள்ளிவிடாதிருக்கத் தம்பி உண்ட மாத்திரைகளோ, அந்தக் காவலையே தளர்த்தியிருந்தன.

அதற்குரிய மருந்து ஆம்ஃபோடெரிசின் பி. 1950களில், வெனிசுவேலாவின் ஒரினோகோ ஆற்றுப் பகுதி மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து பெறப்பட்டது. பூஞ்சையின் செல் சவ்விலுள்ள எர்கோஸ்டெரால் என்னும் பொருளைப் பற்றி அதை அழிக்கிறது. நம் செல்களிலுள்ள கொலஸ்டிரால் அதற்கு நெருங்கிய உறவு. ஆகவே மருந்தின் கை நம்மீதும் படும். முதலில் அடிபடுவது சிறுநீரகம். கொழுப்புக் குமிழிகளில் பொதிந்து தரும் லைபோசோமல் வடிவத்தில் இத்தீங்கு குறைவு. விலை பல மடங்கு.

அம்மா கொடுத்ததை இம்மருந்து கெடுக்கக்கூடும் என்பதை அவரிடம் யார் சொல்வது? இரண்டு நாள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் அக்கா சொன்னாள். அம்மா கேட்டது ஒன்றுதான்: "அவன் இல்லாம அது எதுக்குடி?"

மனையை விற்று விலை கூடிய மருந்தையே வாங்கினோம். இரண்டு வாரம் அது நரம்பு வழியே ஏறியது. கூடவே ஃப்ளூசைட்டோசின் மாத்திரை. மூளையின் அழுத்தம் தணிய மீண்டும் மீண்டும் முதுகில் நீர் எடுத்தார்கள். பின்னர் ஓராண்டுக்காலம் ஃப்ளுகோனசோல். அது மாற்றுறுப்புக்கான மாத்திரையின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும் என்பதால் அதையும் குறைத்து அளந்து கொடுத்தார்கள்.

தம்பி பிழைத்தான். 1.2 ஆக இருந்த கிரியாட்டினின் 1.9 வரை ஏறி, 1.6இல் நின்றுவிட்டது.

எச்ஐவி நோயாளிகள் 814 பேரிடம் ஆப்பிரிக்காவின் ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வு 2022இல் வெளியானது. லைபோசோமல் மருந்தை ஒரே நாளில் பெரிய அளவில் செலுத்தி, மாத்திரைகளை இரு வாரம் தொடர்ந்தாலே போதும். உயிரிழப்பு கூடவில்லை, பக்கவிளைவும் குறைவு என்றது. உலக சுகாதார நிறுவனமும் அவர்களுக்கு அம்முறையைப் பரிந்துரைத்தது. தம்பியைப் போன்றோர் அந்த ஆய்வில் இல்லை. இருந்தும் அச்செய்தியை நெடுநேரம் படித்துக்கொண்டிருந்தோம்.

இத்தகைய மாத்திரை உண்பவர்கள் வீட்டில் இருந்தால், விடாத தலைவலிக்கு எங்களைப்போல் காரணம் தேடிக்கொண்டிராதீர்கள். அந்த மூன்று வாரங்களைப் பற்றி அம்மா இதுவரை எங்களிடம் கேட்டதில்லை. இரத்தப் பரிசோதனை முடிவு வரும் நாளில் மட்டும், வாசலிலேயே நின்று கேட்பார்: "உப்பு எவ்வளவு?"