ஓட்டையைத் தேடும் வேலை

சென்னையிலிருந்து தெற்கே போகும் வண்டிகளுக்குப் புதுச்சேரி, திருவண்ணாமலை, திருச்சிச் சாலைகள் பிரிவது திண்டிவனத்தில். அங்கிருந்து விழுப்புரம் வரை, பழைய 45-ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டிய ரேடியேட்டர் பட்டறைகளில் அக்னி நட்சத்திர நாட்களில் அதிகம் கேட்கும் புகார், "வண்டி ஹீட் ஆகுது, தண்ணி குறையுது" என்பதுதான். தண்ணீரை ஊற்றினால் சரியாகிவிடும் என்று வண்டிக்காரர் நினைக்கிறார். ஆனால் மூடி இறுகிய ரேடியேட்டரில் தண்ணீர் தானாகக் குறையாது. குறைந்தால் எங்கோ போகிறது. அந்த 'எங்கோ'வைக் கண்டுபிடிப்பதுதான் இந்தத் தொழிலின் உயிர் என்பது இந்தப் பட்டறைகளைப் பார்த்து நான் வந்த முடிவு. நாம் கூலி கொடுப்பதோ பற்றவைப்புக்கு மட்டும்.

கழற்றிய ரேடியேட்டரின் வாய்களை ரப்பர் கட்டையால் அடைத்து, ஒன்றில் மட்டும் காற்றுக் குழாயைச் செருகித் தண்ணீர்த் தொட்டியில் அமுக்குகிறார்கள். பெரிய ஓட்டை உடனே தெரிந்துவிடும். ஊசிமுனைக் குமிழி அப்படியில்லை. ஃபின்களுக்கு நடுவே ஒன்று வரும், நின்று இன்னொன்று வரும். அது கிளம்பும் குழாயைப் பிடிக்கப் பழகிய கண் வேண்டும். இங்கே குமிழி இல்லையென்றால் தேடல் வேறு பக்கம் திரும்பும். மூடியின் அழுத்தம் பல கார்களில் 1 பார் அளவில் இருக்கும். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 120 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் வாஷர் தளர்ந்தால், ரேடியேட்டரில் ஓட்டையே இல்லாமலும் என்ஜின் கொதிக்கும். அடுத்து ஹோஸ், வாட்டர் பம்ப், ஃபேன். கடைசியாக எல்லோரும் அஞ்சும் ஹெட் கேஸ்கெட்.

இந்தத் தேடலில் பாதியை வீட்டிலேயே செய்யலாம். என்ஜின் நன்றாக ஆறிய பிறகு மட்டும் மூடியைத் திறக்க வேண்டும். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். ஹோஸ் மூட்டில் காய்ந்த கறை, ஃபேன் சுற்றுகிறதா, ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருக்கிறதா என்று பார்க்கப் பெரிய கருவி வேண்டாம். "நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு, எடுத்துவிடு" என்ற யோசனையை மட்டும் ஏற்கக் கூடாது. அதை எடுத்தால் நெடுஞ்சாலையில் என்ஜின் உரிய சூட்டுக்கு வராது, டீசல் கூடுதலாகச் செலவாகும், உண்மையான கோளாறும் மறைந்துபோகும். தண்ணீரே உறையாத ஊரில் கூலண்ட் எதற்கு என்றும் கேட்கிறார்கள். அதில் துருவையும் அரிப்பையும் தடுக்கும் மருந்து இருக்கிறது. நமக்கு அதுதான் முக்கியம். உப்பான போர் தண்ணீர் குழாய்களுக்குள் சுண்ணாம்பாகப் படிந்து சூட்டை வெளியே விடாது. நடுவழியில் நின்றால் கிடைத்த தண்ணீரை ஊற்றத்தான் வேண்டும். ஊர் சேர்ந்ததும் அதை முழுக்க வடித்துக் கழுவிவிட வேண்டும்.

"புது ரேடியேட்டரே வாங்கிவிடலாமே, இந்தக் கைவேலை இனி எதற்கு?" என்பது வலுவான கேள்வி. 2014-இல் உற்பத்தி நின்ற அம்பாசடர் போன்ற வண்டிகளின் செம்பு, பித்தளை ரேடியேட்டரில் ஈயப் பற்று எளிதாகப் பிடிக்கும். இன்றைய அலுமினிய கோரிலும் பிளாஸ்டிக் டேங்கிலும் அந்தப் பற்று நிற்காது. பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூடியோ ஹெட் கேஸ்கெட்டோ கெட்டிருக்கும்போது புது ரேடியேட்டர் போட்டால், அதுவும் கொதிக்கும், பணமும் போகும். பற்றவைப்பு குறையக் குறைய, கண்டுபிடிக்கும் திறமைக்கு மதிப்பு கூடத்தான் வேண்டும். ஆகவே சோதனைக்கென்று தனிக் கூலி கேட்பது நியாயம். ஓட்டை இல்லை என்று சொன்னாலும் அது கொடுக்க வேண்டிய கூலிதான். இன்னொன்று, பழைய ரேடியேட்டரைச் சூடாக்கும்போதும் தேய்க்கும்போதும் பற்றிலுள்ள காரீயம் புகையாகவும் தூளாகவும் வேலை செய்பவரின் உடம்பில் சேர்கிறது. உடையோடு வீட்டுக்கும் போய்க் குழந்தைகளைத் தொடுகிறது. புகையை வெளியே இழுக்கும் ஃபேன், சாப்பிடுமுன் சோப்பால் கைகழுவ ஒரு குழாய், வேலைக்கென்று தனி உடை, இவ்வளவுதான் முதல் தேவை. ஒரு பற்றுக்கு இத்தனை ரூபாய் என்று பேரம் பேசும் வாடிக்கையாளரை நம்பி எந்தப் பட்டறையும் இவற்றைச் செய்துகொள்ள முடியாது.